பூட்டும் ஏடும்: மருந்துச் சீட்டின் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் தன் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டுவதை நாம் அறிவோம். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கையாளுபவர் என்பன அந்நான்கு. நான்காமவரை மருந்து இயற்றுபவர் என்றும், நோயாளியின் பக்கத்திலிருந்து மருந்து கொடுப்பவர் என்றும் பொருள் கொள்வதுண்டு. இன்றைய வழக்கில் மருந்தாளுநரை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பதில் பெரிய பிழை இராது. இந்நால்வகைக்கும் வெளியே நின்று, எந்த மருந்து யார் கைக்குப் போயிற்று, எத்தனை முறை போயிற்று என்று கண்காணிக்கும் ஐந்தாமவர் ஒருவர் குறளில் இல்லை. அந்த ஐந்தாமவராகிய அரசு மருத்துவத்திற்குள் வந்து சேர்ந்த கதை, நம் நாட்டைப் பொறுத்தவரை, ஒன்றரை நூற்றாண்டுக் கதை. அக்கதையின் மையத்தில் இருப்பது மிக எளிய ஒரு பொருள்: மருந்துச் சீட்டு.

வலி தணிக்கவும் உறக்கம் தரவும் உண்டாக்கப்பட்ட மாத்திரைகள் போதைக்காக வழிமாறிப் போவது குறித்து நம் நாளிதழ்கள் வாரந்தோறும் செய்தி வெளியிடுகின்றன. சென்னை, கோவை, மதுரை என்று பெருநகரங்களோடு நின்ற செய்தி இன்று சிறு நகரங்களின் பெயர்களோடும் வருகிறது. இதற்குத் தீர்வாகச் சொல்லப்படுவது பெரும்பாலும் ஒரே சொல்: 'கட்டுப்பாடு'. கட்டுப்பாடு என்ற அந்த ஒரு சொல்லுக்குள் இரண்டு வேறு செயல்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, பூட்டுவது. மற்றொன்று, எழுதி வைத்துப் படிப்பது. இவ்விரண்டும் நம் வரலாற்றில் எப்படி நடந்தேறின, எதனால் யார் பயனுற்றனர், எதனால் யார் துயருற்றனர் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு பொருத்தமும் உண்டு.

சீட்டுக்கு முந்தைய காலம்

ஆங்கிலேயர் ஆட்சியில் 1857ஆம் ஆண்டிலும் 1878ஆம் ஆண்டிலும் அபின் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவற்றின் முதன்மைக் கவலை வருவாய். பயிரிடுபவர், கொண்டு செல்பவர், விற்பவர் ஆகியோர் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வரி வந்து சேர வேண்டும். உண்பவர் எதற்காக உண்கிறார் என்பது அச்சட்டங்களின் கேள்வியாக இல்லை.

அதே காலத்தில் அபின் மதிப்புக்குரிய மருந்தாகவும் இருந்தது. 1868இல் வாரிங் என்பவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்த 'இந்திய மருந்து நூல்', மறு ஆண்டே அதற்குத் துணைநூலாகச் சென்னையைச் சேர்ந்த மோகிதீன் ஷெரீப் எழுதிய நூல் ஆகியவை ஆங்கில மருத்துவத்தையும் இந்நாட்டு மருந்துப் பொருள்களையும் ஒரு தட்டில் வைக்க முயன்றவை. மோகிதீன் ஷெரீப் மருந்துப் பொருள்களுக்குத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வழங்கும் பெயர்களைத் தேடித் தொகுத்தவர் என்பது தமிழ் படித்தவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி. ஒரு பொருளைச் சரியான பெயரால் அறிவதே அதைச் சரியாகக் கொடுப்பதற்கு முதற்படி என்ற எண்ணம் அதில் இருந்தது.

ஆனால் சிற்றூர்களில் நிலைமை வேறு. வயிற்றுக்கடுப்புக்கும் இருமலுக்கும் வாங்கிய அபினும், பழக்கத்துக்கு வாங்கிய அபினும் ஒரே கடையின் ஒரே உருண்டையிலிருந்து கிள்ளிக் கொடுக்கப்பட்டன. 1893இல் அமைக்கப்பட்டு 1895இல் அறிக்கை தந்த அபின் குறித்த அரச ஆணையம் தடுமாறியதும் இந்த இடத்தில்தான். மருத்துவரே இல்லாத ஊரில் மருந்து எது, போதை எது என்று யார் பிரித்துச் சொல்வது? ஆணையம் தடையைப் பரிந்துரைக்கவில்லை. நோய்க்காகத் தொடங்கியவருக்கும் பழக்கத்துக்காகத் தொடர்பவருக்கும் இடையில் கோடு கிழிக்க ஒரு கருவி வேண்டும். அந்தக் கருவி அன்று பெரும்பாலான மக்களிடம் இல்லை.

1919இல் நச்சுப்பொருள் சட்டமும், ஜெனிவாவில் 1925இல் கையெழுத்தான உடன்படிக்கையைப் பின்பற்றி 1930இல் அபாயகரமான மருந்துகள் சட்டமும் வந்தன. அவ்வாண்டு ஆகஸ்டில் கர்னல் ஆர்.என். சோப்ரா தலைமையில் மருந்து விசாரணைக் குழு அமைந்தது. 1931இல் அக்குழு தந்த அறிக்கை, மருந்து விற்பதற்கு எந்தக் கல்வித் தகுதியும் தேவைப்படாத ஒரு நாட்டைப் படம்பிடித்துக் காட்டியது. அதன் விளைவாக 1940இல் மருந்துகள் சட்டமும், 1945இல் அதன் விதிகளும், 1948இல் மருந்தாளுநர் சட்டமும் பிறந்தன.

1945இன் சீட்டு

அவ்விதிகளில் 65ஆம் விதி நம் கதைக்கு உயிரானது. மருத்துவரின் சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. சீட்டு எழுத்தில் இருக்க வேண்டும். மருத்துவர் கையெழுத்திட்டு நாள் குறிக்க வேண்டும். நோயாளியின் பெயரும் முகவரியும் வேண்டும். மொத்த அளவும் வேளைக்குரிய அளவும் வேண்டும். மருத்துவர் வேறுவிதமாகக் குறிப்பிட்டாலன்றி, ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து. இவற்றையெல்லாம் விட நுட்பமான ஒரு கட்டளையும் அதில் உண்டு. மருந்து கொடுக்கும்போது, மருத்துவரின் கையெழுத்துக்கு மேலே, விற்பவரின் பெயர், முகவரி, மருந்து கொடுத்த நாள் ஆகியவற்றைச் சீட்டிலேயே குறிக்க வேண்டும்.

இந்தக் கட்டளையின் பொருளைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். சீட்டு நோயாளியின் கையில்தான் இருக்கிறது; அரசிடம் போகவில்லை. ஆனால் அடுத்த கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்தால், நேற்றே பக்கத்துத் தெருவில் இதே மருந்து வாங்கப்பட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். கணினியும் தொலைபேசியும் பரவாத காலத்தில், ஒரு கடை இன்னொரு கடைக்கு எழுதிய கடிதம் போல அந்த முத்திரை இருந்தது. நோயாளியின் அந்தரங்கம் காக்கப்பட்டது, வழிமாற்றமும் தடுக்கப்பட்டது. செலவு ஒரு ரப்பர் ஸ்டாம்பு.

அந்த ஸ்டாம்பு இன்று எத்தனை சீட்டுகளில் விழுகிறது என்பதை வாசகர்கள் தங்கள் வீட்டு மேசையறைகளைத் திறந்து பார்த்தே முடிவு செய்யலாம்.

விதி நடைமுறையில் தளர்ந்ததற்குக் கடைக்காரரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள சமவெளிச் சிற்றூர்களில், பல தலைமுறைகளாக, மருந்துக் கடைக்காரரே முதல் மருத்துவர். மூட்டை தூக்குபவரும், தறியில் உட்காருபவரும், பூப்பறிக்க விடியுமுன் எழுபவரும் மாலையில் கடைக்கு வந்து 'மேலுக்கு வலிக்குது, ரெண்டு மாத்திரை குடுங்கண்ணே' என்று கேட்கிறார்கள். மருத்துவரைப் பார்க்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். அதன் மேல் மருத்துவருக்கான கட்டணமும் பேருந்துச் செலவும். சீட்டில்லாமல் கொடுப்பது சட்டப்படி தவறு. கொடுக்காதிருப்பது அண்டை மனிதரிடம் காட்டும் கடுமை. இந்த இரக்கத்தின் வழியாகத்தான் பின்னாளில் வேறு பலவும் நுழைந்தன.

மதுவிலக்கு கற்பித்த பாடம்

மருந்து வழிமாறிப் போகும் என்பதைத் தமிழகம் மாத்திரைகளால் அறியவில்லை, மதுவிலக்கினால் அறிந்தது. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் ராஜாஜியின் அமைச்சரவை மதுவிலக்கைத் தொடங்கியது. இடையில் போர்க்காலத்தில் தளர்ந்து, பின் மீண்டு, 1948 அக்டோபர் 2இல் சென்னை மாகாணம் முழுவதும் அது பரவியது. கள்ளுக்கடையும் சாராயக்கடையும் மூடப்பட்டன. ஆனால் மருந்துக் கடை திறந்திருந்தது.

சாராயத்தில் ஊறவைத்து எடுக்கும் மருந்துகளை 'டிஞ்சர்' என்பர். செரிமானத்துக்கான இஞ்சி டிஞ்சர் அவற்றுள் ஒன்று. 'ஜிஞ்சர்' என்று அதற்கு ஊர்ப்பெயர் விழுந்தபோதே அது மருந்து என்ற நிலையை இழந்துவிட்டது எனலாம். மதுவிலக்கு இல்லாத மாநிலத்தில் செய்யப்பட்ட மருந்து, மதுவிலக்கு உள்ள மாநிலத்துக்குப் பெட்டி பெட்டியாகப் போயிற்று. இதைத் தடுப்பதற்கென்றே 1955இல் நாடாளுமன்றம் சாராயம் கலந்த மருந்துகளின் மாநிலங்களுக்கிடையிலான வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் தனிச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதற்கு முன்பே, 1951இல், பம்பாய் மாநிலத்தின் மதுவிலக்குச் சட்டம் குறித்த பல்சாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், சாராயம் கலந்த மருந்துகளையும் ஒப்பனைப் பொருள்களையும் மதுவோடு சேர்த்துத் தடுத்த பகுதிகள் செல்லாதென்று தீர்ப்பளித்திருந்தது. குடிப்பவரைத் தடுக்கும் ஆர்வத்தில் நோயாளியின் மருந்தைப் பறிக்கலாகாது என்பதே அத்தீர்ப்பினின்று நாம் கொள்ளத்தக்க பாடம்.

மதுவிலக்குக் காலத்திலேயே பிரச்சினையின் இரு முனைகளும் தெளிவாகிவிட்டன. ஒரு வாசலை மூடினால் அடுத்த வாசல் நெரியும். எல்லா வாசல்களையும் மூடினால் நோயாளி வெளியே நிற்பார். முப்பது ஆண்டுகள் கழித்து, இந்த இரண்டாவது அச்சம் முழுமையாக மெய்ப்பட்டது.

1985: ஒரு நாள் இடைவெளியில்

1985 செப்டம்பர் 15ஆம் நாள் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மாவட்டமாயிற்று. அதற்கு மறுநாள், செப்டம்பர் 16இல், போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நிகழ்ச்சிகள்தாம். ஆயினும் நம் மாவட்டத்தின் வயதும் அச்சட்டத்தின் வயதும் ஒன்றே என்பது, அச்சட்டத்தின் விளைவுகளை நம் ஊர் மனிதர்களின் வாழ்நாளோடு வைத்து எண்ண நமக்கு உதவுகிறது. அவ்வாண்டு பிறந்த குழந்தைக்கு இன்று நாற்பது வயது.

சட்டம் நவம்பர் 14இல் நடைமுறைக்கு வந்தது. குறைந்தது பத்தாண்டுச் சிறை என்பது அதன் தண்டனைகளில் ஒன்று. அச்சட்டத்தின் கீழ் மாநிலந்தோறும் தனித்தனி விதிகள் எழுந்தன. புற்றுநோயாளிகளின் வலிக்கு உலகெங்கும் முதன்மை மருந்தான மார்பினை ஒரு மருத்துவமனை வாங்க வேண்டுமானால், பல மாநிலங்களில், வெவ்வேறு அலுவலகங்கள் தரும் நான்கைந்து உரிமங்கள் தேவைப்பட்டன. அவை யாவும் ஒரே காலத்தில் செல்லுபடியாக இருக்க வேண்டும். ஒன்று வந்து சேர்வதற்குள் மற்றொன்று காலாவதியாகிவிடும். மருந்துக் கடைகள் மார்பினை வைத்திருப்பதை நிறுத்தின. மருத்துவக் கல்லூரிகளில் அதை எழுதக் கற்பிக்கும் வழக்கமே அருகியது.

விளைவை எண்ணால் சொல்லிவிடலாம். 1985க்கும் 1997க்கும் இடையில் இந்தியாவில் மருத்துவத்துக்காகப் பயன்பட்ட மார்பினின் அளவு 97 விழுக்காடு சரிந்தது. 1997இல் நாடு முழுவதற்கும் 18 கிலோ. அதே ஆண்டுகளில் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமத்தோடு அபின் பயிரிடப்பட்டது. காசிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள அரசு ஆலைகளில் பதப்படுத்தப்பட்டது. பிற நாட்டு நோயாளிகளின் வலியைத் தணிக்க ஏற்றுமதியாயிற்று. விளையும் நாட்டில் வலித்தவருக்கு அது கிட்டவில்லை.

இங்கே கண்காணிப்பு என்ற பெயரில் நிகழ்ந்தது உண்மையில் பூட்டுவது. மார்பின் தவறான கைக்குப் போகிறதா என்று யாரும் பின்தொடரவில்லை. எந்தக் கைக்கும் போகாமல் ஆக்கிவிட்டார்கள். இதற்கு மறுதலையான சான்று கேரளத்திலிருந்து வந்தது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்பு மருத்துவமனையில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் நோயாளிகளுக்கு வாய்வழி மார்பினை வீட்டுக்கே கொடுத்தனுப்பினர். யாருக்கு எவ்வளவு, எதற்காக, மீதம் எவ்வளவு என்று எழுதி வைத்தனர்; வீட்டார் தெரிந்தவர்களாயினர். 2001இல் 'லான்செட்' இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, இரண்டாண்டுகளில் மார்பின் பெற்ற 1,723 நோயாளிகளிடையே மருந்து வழிமாறிய நிகழ்ச்சி ஒன்றுகூடத் தென்படவில்லை என்று தெரிவித்தது. பூட்டு செய்ய முடியாததை ஒரு நோட்டுப் புத்தகமும் அதைப் படிக்கும் மனிதர்களும் செய்துவிட்டனர்.

நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின், ஃபென்டனில், மெதடோன், ஆக்சிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன் என்ற ஆறும் இன்றியமையாத போதை மருந்துகள் என்று அறிவிக்கப்பட்டன. அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையம் ஒரே அலுவலகத்தின் ஒப்புதலோடு அவற்றை வைத்திருக்க வழி பிறந்தது. ஆனால் இடைப்பட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் வலியோடு இறந்தவர்களை எந்தத் திருத்தமும் எட்டாது.

வேறு வாசல்கள்

இனி மறுபக்கம். மார்பின் இவ்வளவு இறுக்கமாகப் பூட்டப்பட்டிருந்த அதே ஆண்டுகளில் மருந்துப் போதை குறைந்ததா? குறையவில்லை. சென்னையில் 1980களில் பரவிய ஹெராயின் பழக்கம், பின்னர் புப்ரினார்ஃபின் என்ற வலிநிவாரணி ஊசி மருந்துக்கு மாறியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஹெராயினை விட மலிவு. மருந்துக் கடையில் கிடைக்கும். ஊசியைப் பகிர்ந்துகொண்டதால் எய்ட்ஸ் கிருமியும் பகிரப்பட்டது. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை போன்ற மீட்பு நிலையங்கள் இதன் பாரத்தைச் சுமந்தன.

விதிகளும் சும்மா இருக்கவில்லை. மருந்து விதிகளில் 'எக்ஸ்' என்ற அட்டவணை உண்டு. அதிலுள்ள மருந்துகளுக்குச் சீட்டு இரட்டைப் படிகளில் எழுதப்பட வேண்டும். ஒரு படியைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு காக்க வேண்டும். மருந்தைத் தனி அலமாரியிலோ இழுப்பறையிலோ பூட்டி வைக்க வேண்டும், அல்லது பொறுப்பானவர் மட்டுமே நுழையும் தனிப்பகுதியில் வைக்க வேண்டும். 2013 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்த 'எச்1' அட்டவணை இன்னொரு வகை. முதலில் அதில் 46 பெயர்கள். பெரும்பாலானவை நுண்ணுயிர்க்கொல்லிகளும் காசநோய் மருந்துகளும். அவற்றோடு டையஸபாம், நைட்ரஸபாம், அல்ப்ரஸோலம், கோடீன், டிரமடால் முதலிய பழக்கப்படுத்தும் மருந்துகளும் சேர்ந்தன. இவற்றை விற்கும்போது மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு காக்க வேண்டும்.

2018 ஏப்ரலில் டிரமடால், 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதன் பிறகு நம் காவல் நிலையச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் டாபென்டடால். அதுவும் வலிநிவாரணியே; அபின் குடும்பத்தைப் போலவே மூளையில் வேலை செய்வது. 2014இன் அந்த 46 பெயர்களில் அது இல்லை. மாத்திரையை நீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கொடுமையைத் தமிழகக் காவல்துறையின் பல வழக்குகள் வெளிப்படுத்தின. பிடிபட்ட அட்டைகள் பெரும்பாலும் உள்ளூர் மருத்துவரின் சீட்டுக்கு விற்றவை அல்ல. வெளிமாநில மொத்த வணிகரிடமிருந்து கூரியர் பொதியாக வந்தவை. இஞ்சி டிஞ்சர் மாநில எல்லையைக் கடந்த அதே கதை, வேறு உருவில்.

இணையத்தில் மருந்து விற்பதை ஒழுங்குபடுத்த 2018 ஆகஸ்டில் நடுவண் அரசு வரைவு விதிகளை வெளியிட்டது. விதிகள் முறையாக அறிவிக்கப்படும் வரை இணைய விற்பனை கூடாதென்று அவ்வாண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தீர்ப்பளித்தார். அடுத்த மாதமே இரு நீதிபதிகள் அமர்வு அதற்குத் தடை விதித்தது. அண்மை ஆண்டுகளில் தமிழகத்தின் பல மாவட்டங்களில் மருந்துக் கடைகள் கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும் என்று ஆட்சியர்கள் ஆணையிட்டனர். கேமரா கடைக்கு வருபவரின் முகத்தைப் பார்க்கும். கூரியர் பொதியை அது பார்ப்பதில்லை. மூன்றாண்டுகளாக அடுக்கி வைத்த பதிவேட்டையும் அது படிப்பதில்லை.

சிக்கலின் அளவைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, அபின் வகைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் மக்கள்தொகையில் 2 விழுக்காட்டுக்குச் சற்று மேல். அதில் மருந்து வடிவிலானவற்றைப் பயன்படுத்துவோர் மட்டுமே ஏறத்தாழ 1 விழுக்காடு. அபினையே உட்கொள்வோரைவிட மாத்திரையையும் ஊசியையும் நாடுவோர் மிகுந்துவிட்டனர்.

மூன்று படிச் சீட்டு

பிற நாடுகள் என்ன செய்தன என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1939இலேயே சில மருந்துகளுக்கு மூன்று படிகளில் சீட்டெழுதும் முறையைக் கொண்டுவந்தது. ஒரு படி மருத்துவரிடம், ஒரு படி கடையில், ஒரு படி அரசிடம். நியூயார்க் மாநிலம் 1972இல் இதைப் பின்பற்றி, நோயாளிகளின் பெயரைக் கணினியில் ஏற்றத் தொடங்கியது. தங்கள் பெயர் போதை அடிமைகளின் பெயரோடு சேர்ந்துவிடுமோ என்று நோயாளிகள் அஞ்சினர். மருத்துவர்களும் சேர்ந்து வழக்குத் தொடுத்தனர். 1977இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அத்தீர்ப்பில் நம் கவனத்துக்குரிய ஒரு செய்தி உண்டு. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு இலட்சம் படிவங்கள் வந்து குவிந்தன. இருபது மாதங்களில் அக்கணினித் தகவல் பயன்பட்டது இரண்டே இரண்டு விசாரணைகளுக்கு. எழுதி வைப்பதில் அரசுகள் காட்டும் ஆர்வத்தைப் படிப்பதில் காட்டுவதில்லை என்பது உலகப் பொது வழக்கம் போலும்.

1989இல் நியூயார்க், டையஸபாம் வகை மருந்துகளையும் மூன்று படிச் சீட்டுக்குள் கொண்டுவந்தது. அவ்வகை மருந்து எழுதுவது சட்டெனக் குறைந்தது. ஆனால் மருத்துவர்கள் வழக்கொழிந்த, அதனினும் அபாயமான பழைய உறக்க மருந்துகளை எழுதத் தொடங்கினர். டிரமடாலுக்குப் பின் டாபென்டடால் வந்ததைக் கண்ட நமக்கு இது புதிதல்ல.

ஆயினும் அதே மூன்று படிச் சீட்டு ஒரு பெருந்தீங்கைத் தடுத்ததையும் சொல்லியாக வேண்டும். 1996இல் பர்டியூ நிறுவனம் ஆக்சிகான்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது, கலிபோர்னியா, நியூயார்க், டெக்சாஸ், இல்லினாய், ஐடஹோ ஆகிய ஐந்து மாநிலங்களில் அச்சீட்டு நடைமுறையில் இருந்தது. அம்மாநிலங்களில் மருத்துவர்கள் எழுதத் தயங்குவர் என்று நிறுவனம் கணித்துத் தன் விளம்பர முயற்சியை அங்கே குறைத்துக்கொண்டது. பின்னர் பிற மாநிலங்களைப் பேரலையாகத் தாக்கிய மரணங்கள் இவ்வைந்திலும் மெதுவாகவே உயர்ந்தன என்று 2022இல் வெளியான பொருளியல் ஆய்வு காட்டியது. அச்சீட்டு கடை வாசலைப் பூட்டவில்லை. மருத்துவரின் பேனா முனையில் ஒரு கணம் தயக்கத்தை உண்டாக்கியது. மருந்து நிறுவனத்தின் பிரதிநிதி அவரிடம் வந்து உட்காருமுன் அத்தயக்கம் அங்கே உட்கார்ந்திருந்தது.

திண்டுக்கல் பூட்டு

2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கையால் இழைத்துச் செய்யும் அப்பூட்டின் பெருமை, தனக்குரிய சாவியை அடையாளம் காண்பதில் இருக்கிறது. உள்ளே இருக்கும் நெம்புகள் தமக்குரிய சாவிக்கு மட்டும் அசைந்து கொடுக்கும். கள்ளச் சாவிக்கு அசையா. யாருக்கும் திறக்காத பூட்டைச் செய்வதற்குக் கம்மியர் தேவையில்லை. ஈயத்தைக் காய்ச்சித் துளையில் ஊற்றினால் போதும். 1985க்குப் பின் மார்பினுக்கு நாம் செய்தது அதுவே.

நம்மிடம் ஏடு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மருந்துக் கடையிலும் எச்1 பதிவேடு இருக்கிறது. ஆனால் பழனி சாலையில் உள்ள கடையின் ஏடும் நத்தம் சாலையில் உள்ள கடையின் ஏடும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. ஒரே பெயருக்கு ஒரே நாளில் ஐந்து கடைகளில் மாத்திரை விற்றிருந்தாலும், ஐந்து ஏடுகளும் தனித்தனியே ஒழுங்காகவே இருக்கும். மருந்து ஆய்வாளர் வந்து பார்த்தால் ஐந்திலும் குறையிராது. தமிழ் படித்த நமக்கு இது விளங்காத செய்தியன்று. ஒரே நூலின் சுவடிகள் ஐந்து ஊர்களில் கிடந்தபோது எவருக்கும் பாடபேதம் தெரியவில்லை. அருகருகே வைத்துப் படித்த பிறகே பிழை எது, இடைச்செருகல் எது என்று புலப்பட்டது. மருந்துப் பதிவேடுகளுக்கும் அத்தகைய பதிப்பாசிரியர் ஒருவர் வேண்டியிருக்கிறார்.

அப்படி ஒப்பிட்டுப் படிக்கும்போது எதைப் படிக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். நோயாளியின் பெயரைத் தேடுவதற்கு முன், மொத்த விற்பனையின் ஓட்டத்தைத் தேட வேண்டும். ஆலையிலிருந்து எத்தனை இலட்சம் மாத்திரை புறப்பட்டது, ஸ்டாக்கிஸ்ட்டிடம் எத்தனை வந்தது, கடைகளில் எத்தனை சீட்டுக்கு விற்றது என்ற மூன்று எண்களை ஒப்பிட்டாலே பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும். 2025 பிப்ரவரியில், டாபென்டடாலையும் காரிசோபுரடாலையும் கலந்த மாத்திரைகள் இந்தியாவிலிருந்து மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பெருமளவில் போவதை பிபிசி வெளிக்கொணர்ந்த பிறகே, அக்கலவையின் உற்பத்திக்கும் ஏற்றுமதிக்கும் வழங்கிய அனுமதிகளை நடுவண் அரசு திரும்பப் பெற்றது. அந்த மாத்திரைகளுக்குக் கணக்கு இல்லாமல் இருந்திருக்காது. கணக்கைப் படித்துக் கேள்வி கேட்டவர் இல்லை. மேல்மட்டத்தில் படிக்காமல் விட்டதை, கடை வாசலில் நிற்கும் கூலித் தொழிலாளியின் முகத்தில் படிக்க முயல்வது பயன் தராது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் வலிதணிப்புச் சேவையும் அடங்கும். 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. எனவே வலியோடு இருப்பவரை நேரில் சென்று அறியும் கால்களும், மார்பினை எழுதக் கற்பிக்கும் வகுப்பறையும் இன்று நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. கோழிக்கோட்டு அனுபவம் காட்டிய வழி இங்கே நடக்க முடியாத வழியன்று. வலிக்கு முறையான மருந்து முறையான கைகளால் கிடைக்கும் ஊரில், 'ரெண்டு மாத்திரை குடுங்கண்ணே' என்று கேட்க வேண்டிய தேவையும் குறையும்.

பெரிய திட்டங்கள் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 1945இன் விதி இன்னும் ஏட்டில் இருக்கிறது. மருத்துவரின் கையெழுத்துக்கு மேலே கடையின் பெயரும் நாளும். அடுத்த முறை மருந்து வாங்கும்போது, பில்லோடு அந்த முத்திரையையும் இட்டுத் தரும்படி நாம் கேட்கலாம். கடைக்காரர் சற்று வியப்போடு பார்ப்பார். பத்துப் பேர் கேட்டால் ஸ்டாம்பு ஒன்று செய்து வைப்பார். அந்தச் சிவப்பு மை பதிந்த சீட்டை அடுத்த கடைக்காரர் ஒருமுறை படித்துப் பார்த்தால், எண்பது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த விதி நம் ஊரில் உயிர்பெற்றுவிடும்.